கையொப்பமிட்ட சிறுவன்

லண்டன் மாநகரிலே ஒரு பழம்பெரும் கல்லூரி. அங்கே மாணவர்கள் கூடிப் படிக்கும் மாளிகையிலே ஒரு கண்ணாடிப் பேழை. பேழைக்குள்ளே, நாற்காலியிலே அமர்ந்தபடி ஒரு கிழவர்! தலையிலே அகன்ற தொப்பி. உடலிலே கறுத்த அங்கி. கையருகே ஒரு தடி. முகம் மெழுகால் ஆனது. ஆனால் அங்கிக்குள்ளே? வைக்கோல். வைக்கோலுக்குள்ளே? எலும்பு! அவருடைய சொந்த எலும்பு! 1832ஆம் ஆண்டு கண்ணை மூடிய மனிதர், புதைகுழிக்கும் போகாமல், எரிமேடைக்கும் போகாமல், இருநூறு ஆண்டை எட்டிப் பிடிக்கும் இந்நாள்வரை உட்கார்ந்தே இருக்கிறார். அவர் எதிரிலே இளைஞரும் நங்கையரும் தேர்வுக்குப் படிக்கிறார்கள், தேநீர் பருகுகிறார்கள், வம்பும் பேசுகிறார்கள்.

ஜெரிமி பெந்தாம் என்பது அவர் பெயர்.

பழைய பல்கலைக்கழகம் எதுவாயினும், பாடத்தோடு பாடமாகக் கதைகளும் அங்கே வளர்ந்துவிடும். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்வான். அவன் அடுத்த ஆண்டு வருபவனுக்குச் சொல்வான். இந்தக் கிழவரைச் சுற்றிலும் அப்படி வளர்ந்த கதைகள் ஏராளம். இவர்தான் கல்லூரியைத் தோற்றுவித்தவர் என்பான் ஒருவன். ஆட்சிக்குழு கூடும்போதெல்லாம் இவரை நாற்காலியோடு தூக்கிப்போய் அமர்த்துவார்கள், வந்திருந்தார் ஆனால் வாக்களிக்கவில்லை என்று குறிப்பேட்டிலே எழுதுவார்கள் என்பான் மற்றொருவன். இல்லை, இல்லை, இருபக்கமும் சமமாக வாக்கு விழுந்தால் இவர் வாக்கு தீர்மானத்தின் பக்கம்தான் என்று திருத்துவான் மூன்றாமவன். நள்ளிரவிலே தாழ்வாரத்தில் டக், டக் என்று தடியோசை கேட்கிறதே, அது யாரென்று நினைத்தாய் என்று பயமுறுத்துவான் நாலாமவன். போட்டிக் கல்லூரிப் பயல்கள் இவருடைய தலையைத் திருடிக்கொண்டு போய்ப் பந்தாக உதைத்தார்கள் என்று முடிப்பான் இன்னொருவன்.

கல்லூரிப் படிக்கட்டை மாணவனாக மிதிக்க வாய்ப்பில்லாமல், பள்ளிப் படிப்போடு நின்றுபோனவர்களிலே நாமும் ஒருவர். எனவே கல்லூரிக் கதை என்றால் நமக்குச் சற்று ஆவல் அதிகம். மதிலுக்கு வெளியே நிற்பவனுக்குத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்! எட்டிப் பார்த்தோம். கதைகளைப் படித்தோம், சிரித்தோம். ஆனால் ஒன்று கண்டோம். தலையைப் பற்றிக் கதை இருக்கிறது, தடியைப் பற்றிக் கதை இருக்கிறது. அவரை அவராக்கிய ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கதை இல்லை. அது லண்டனிலே நடந்ததுமல்ல. ஆக்ஸ்போர்டிலே நடந்தது.

பெந்தாம் பிறந்தது 1748ஆம் ஆண்டு, லண்டனில். தந்தை வழக்கறிஞர், வசதி உள்ளவர், மகன் இங்கிலாந்தின் நீதித்துறையிலே உச்சிக்கே போகவேண்டும் என்று கனாக் கண்டவர். பிள்ளையும் சாமானியப் பிள்ளையல்ல. மூன்று வயதிலே லத்தீன். மற்றப் பிள்ளைகள் பொம்மை கேட்டு அழும் பருவத்திலே இங்கிலாந்து வரலாற்று ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன். மெலிந்த உடல், குள்ள உருவம், கூச்சம். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: பேய்ப் பயம்! வீட்டு வேலையாட்கள் பொழுதுபோக்குக்குச் சொன்ன பேய்க் கதைகள் அந்தப் பிஞ்சு நெஞ்சிலே ஆணியாக இறங்கிவிட்டன. பேய் இல்லை என்று அறிவு சொன்ன பிறகும், இருட்டிலே தனித்துப் படுத்தால் உடல் நடுங்கும். கிழவரான பிறகும் அந்த நடுக்கம் விடவில்லை. அதை அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். குழந்தையிடம் பேய்க் கதை சொல்லும் பாட்டிமார் நம் நாட்டிலும் உண்டு. அவர்கள் கவனத்துக்கு!

1760ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதிலே, அந்தச் சிறுவனை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் குயின்ஸ் கல்லூரியிலே கொண்டுபோய்ச் சேர்த்தார் தந்தை. அவனுக்குக் கிடைத்த அறை எப்படிப்பட்டது? சன்னலைத் திறந்தால் இடுகாடு! பேய்க்குப் பயந்த பிள்ளைக்கு நல்ல இடம்தான். வேறு அறை வாங்கித் தப்பித்தான்.

அந்தக் குயின்ஸ் கல்லூரிக்கும் பழங்கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1341ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரி அது. உணவு வேளை வந்தால் அங்கே மணி அடிப்பதில்லை, எக்காளம் ஊதுவார்கள். புத்தாண்டு விருந்திலே ஒவ்வொருவர் கையிலும் ஊசியும் நூலும் கொடுத்துச் சிக்கனமாக இரு என்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய கதை, பன்றிக் கதை. அக்கல்லூரி மாணவன் ஒருவன் காட்டு வழியே அரிஸ்டாட்டிலின் நூலைப் படித்தபடி நடந்தானாம். காட்டுப்பன்றி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்ததாம். வாளில்லை, வேலில்லை, கையிலிருந்த நூலையே அதன் தொண்டைக்குள் திணித்துக் கொன்றானாம்! அதன் நினைவாகக் கிறிஸ்துமஸ் காலத்திலே பன்றித் தலையைத் தட்டில் ஏந்திப் பாட்டோடு ஊர்வலம் வரும் வழக்கம் இன்றும் உண்டு.

மெத்தச் சுவையான கதை. ஆனால் கதையிலே பன்றியின் தொண்டைக்குள் அல்லவா ஏட்டைத் திணித்தார்கள்? நடப்பிலே மாணவனுடைய தொண்டைக்குள் திணித்தார்கள்!

அந்த ஏடுதான் முப்பத்தொன்பது விதிகள். இங்கிலாந்து அரசாங்கத் திருச்சபையின் கொள்கைகளைத் தொகுத்த பட்டியல். கடவுளின் தன்மை இது, பாவம் இது, மீட்சி இது என்று முப்பத்தொன்பது தலைப்பிலே அடுக்கப்பட்டவை. எல்லாம் உண்மை என்று நம்புகிறேன் எனக் கையொப்பமிட்டால்தான் ஆக்ஸ்போர்டு மாணவன். 1581ஆம் ஆண்டு முதல் அதுதான் அங்கே சட்டம். கேம்பிரிட்ஜ் கொஞ்சம் தாராளம் காட்டிற்று: கையொப்பமிடாமல் படிக்கலாம், ஆனால் பட்டம் கிடையாது! கத்தோலிக்கர், யூதர், திருச்சபையோடு ஒத்துப்போகாத மற்றக் கிறித்தவர், எந்தச் சமயமும் வேண்டாதவர் ஆகிய அனைவருக்கும் அறிவுக் கோயிலின் கதவு அடைப்பு. இங்கிலாந்திலே அப்போது இருந்த பல்கலைக்கழகங்களோ இரண்டே இரண்டு.

சிறுவன் பெந்தாம் என்ன செய்தான்? படித்தான். ஒவ்வொரு விதியாக எடுத்துவைத்து, ஆராய்ந்து படித்தான்! கையொப்பமிடப் போகும் பத்திரத்தைப் படிப்பதுதானே ஒழுங்கு? சில விதிகளுக்குப் பொருளே விளங்கவில்லை. சில விதிகள் அறிவோடும் ஒட்டவில்லை, வேதநூலோடும் ஒட்டவில்லை. அவனைப்போலவே ஐயம் கொண்ட மாணவர்கள் வேறு சிலரும் இருந்தனர். ஐயத்தைத் தீர்க்கக் கல்லூரி ஒரு பெரியவரை நியமித்தது. பெரியவர் விளக்கம் தந்தாரா? தரவில்லை. உங்களைவிட மூத்தவர்கள், உங்களைவிடக் கற்றவர்கள் வகுத்ததைச் சிறு பிள்ளைகள் கேள்வி கேட்பதா என்று அதட்டி வாயடைத்தார்.

கையொப்பமிட்டான் சிறுவன். தந்தை மனம் உடைவாரே என்ற அச்சம், படிப்பு போய்விடுமே என்ற அச்சம். இட்டான், இட்டுவிட்டு அறைக்குப் போனான். அந்த வேதனை தம் உயிருள்ள வரையிலும் ஆறவில்லை என்று முதுமையிலே எழுதினார். திருடியவன் எழுதுவது போல எழுதினார்!

1768ஆம் ஆண்டு அதே ஆக்ஸ்போர்டிலே, புனித எட்மண்ட் மண்டபத்திலிருந்து ஆறு மாணவர்களை வெளியேற்றினார்கள். குற்றம்? குடியல்ல, சூதல்ல. மெத்தடிஸ்டு முறையிலே கூடி வழிபட்டது! குடித்துக் கிடந்த மாணவர்களுக்கு அங்கே அஞ்ச வேண்டிய தேவை இருந்ததில்லை. இந்தச் செய்தி பெந்தாமின் உள்ளத்திலே இருந்த புண்ணைக் கிளறிற்று. பல்கலைக்கழகங்களின்மீது அவருக்கிருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அத்தோடு போயிற்று.

பிறகு அவர் வாழ்க்கை என்ன? மேற்போக்காகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார், வழக்காடவில்லை. மணம் செய்துகொள்ளவில்லை. பதவி வகிக்கவில்லை. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்! அவர் கையெழுத்திலே 60,000க்கும் மேற்பட்ட தாள்கள் அந்த லண்டன் கல்லூரியிலே இன்று குவிந்து கிடக்கின்றன. அவற்றை முறையாகத் தொகுத்து வெளியிட 1959ஆம் ஆண்டு ஒரு குழு அமைத்தார்கள். இன்னும் வேலை முடிந்தபாடில்லை.

1776ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முதல் பெரு நூல், இங்கிலாந்துச் சட்டத்தின் பேராசானாக மதிக்கப்பட்ட பிளாக்ஸ்டனைக் குறிவைத்தது. ஆக்ஸ்போர்டிலே பிளாக்ஸ்டன் பேசியபோது கீழே உட்கார்ந்து கேட்ட பையன் அல்லவா இவர்! அப்போதே ஓட்டைகளை எண்ணி வைத்திருந்தார். பெயர் போடாமல் நூல் வெளிவந்தது. எழுதியவர் யார், இந்தப் பிரபுவா, அந்த நீதிபதியா என்று ஊரே ஊகித்தது. பெருமை தாங்காத தந்தை, என் மகன்தான் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பெயர் தெரியாத ஒரு வாலிபன் எழுதியது என்று தெரிந்ததும் விற்பனை படுத்துவிட்டது! கருத்தைப் பார்த்தா வாங்கினார்கள்? ஆளைப் பார்த்து வாங்கினார்கள்.

1789ஆம் ஆண்டு வெளிவந்த நூலிலேதான் அவர் பெயரை நிலைநாட்டிய கொள்கை விளக்கம் பெற்றது. ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்று கண்டறிய முன்னோர் வாக்கைப் பார்க்காதே, வேத வாக்கைப் பார்க்காதே. அதனால் எத்தனை மக்களுக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம் என்று கணக்குப் பார் என்பது சாரம். இன்று சாதாரணமாகத் தோன்றும். இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு என்று ஆகியிருந்த நாட்டிலே அது வெடிகுண்டு. இரகசிய வாக்குரிமை கேட்டார். பெண்ணுக்கும் வாக்குரிமை உண்டு என்பதைக் கொள்கையளவிலே ஏற்றார். விலங்குகளின் துன்பமும் துன்பமே, அதுவும் கணக்கிலே சேரவேண்டும் என்றார். இன்டர்நேஷனல் என்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் சொல் இருக்கிறதே, அதை ஆக்கியவரும் அவர்தான்.

குறையே இல்லாதவர் என்று கூற நாம் இங்கே வரவில்லை. ருஷ்யப் பேரரசிலே வேலை பார்த்த தம்பியைக் காணப்போன இடத்திலே, தம்பி தந்த யோசனையைப் பற்றிக்கொண்டு வட்டச் சிறை ஒன்றைக் கற்பனை செய்தார். நடுவிலே கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்திலே இருப்பவன் எல்லாரையும் பார்க்கலாம். அவன் பார்க்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது. தெரியாததாலேயே எந்நேரமும் அடங்கிக் கிடப்பான்! இதைக் கட்டியே தீருவேன் என்று இருபது ஆண்டு அரசாங்கத்தின் படிக்கட்டு ஏறி இறங்கினார். கடைசியில் 1813ஆம் ஆண்டு 23,000 பவுன் இழப்பீடு கொடுத்து ஆளை அனுப்பிவிட்டார்கள். கட்டாமல் போனதே நல்லது என்பது நமது எண்ணம். சிறுவயதிலே இருட்டிலிருந்து ஏதோ தன்னைப் பார்க்கிறது என்று நடுங்கியவர், பிறரை அடக்க அதே நடுக்கத்தைக் கருவியாக்க எண்ணியது ஏனோ!

வீட்டிலே அவர் ஒரு வேடிக்கை மனிதர். தடிக்கு ஒரு பெயர், டாப்பிள். தேநீர்ப் பாத்திரத்துக்கு ஒரு பெயர், டிக். பூனைக்கு முதலில் சர் பட்டம் கொடுத்து சர் ஜான் லாங்பார்ன் என்று அழைத்தார். பூனைக்கு வயதாகி அடக்கம் வந்ததும், அதற்கு ரெவரெண்டு பட்டமும் சூட்டிப் பாதிரியாராக்கிவிட்டார்! முப்பத்தொன்பது விதிகளுக்கு அந்தப் பூனை கையொப்பமிட்டதா என்று அவர் கேட்டிருப்பாரோ என்னவோ. நகைச்சுவை ஒருபுறம் இருக்க, சத்தியப் பிரமாணம் வாங்கும் வழக்கத்தைச் சாடி 1817இலும், அரசாங்கத் திருச்சபையைச் சாடி 1818இலும் நூல்கள் வெளியிட்டார். எழுபது வயது! ஐம்பது ஆண்டுக்கு மேல் நெஞ்சிலே கிடந்த முள்.

இனி கல்லூரிக்கு வருவோம்.

1825ஆம் ஆண்டு தாமஸ் காம்பெல் என்னும் கவிஞர், லண்டனுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பத்திரிகையிலே பகிரங்கக் கடிதம் எழுதினார். புரூம் என்ற அரசியல்வாதி முன்னின்றார். கோல்ட்ஸ்மிட் என்ற யூதச் செல்வர் தோள்கொடுத்தார். பெந்தாமின் சீடர் ஜேம்ஸ் மில் ஆட்சிக்குழுவிலே அமர்ந்தார். பங்கு விற்றுப் பணம் திரட்டினார்கள். 1826இல் நிறுவப்பட்டு, 1828ஆம் ஆண்டு அக்டோபரிலே கோவர் தெருவிலே கதவு திறந்தது. எந்தச் சமயத்தான் என்ற கேள்வி இல்லை. கையொப்பம் இல்லை. இறைநூல் பாடமும் இல்லை!

பெந்தாம் செய்தது என்ன? 78 வயதுக் கிழவர் அவர். ஒரு பங்கு வாங்கினார். தமக்கு வேண்டிய பௌரிங் என்பவரைப் பேராசிரியராக்க முயன்று தோற்றார். அவ்வளவே! தோற்றுவித்தவர் என்ற பட்டம் கதை கொடுத்த பட்டம். கட்டடத் திட்டத்தைப் பெந்தாம் பார்த்து ஒப்புதல் தருவதுபோல, நூறு ஆண்டு கழித்து, ஹென்றி டாங்ஸ் என்ற ஓவியர் கல்லூரிச் சுவரிலே ஒரு படமும் தீட்டிவிட்டார். நடக்காத நிகழ்ச்சி, ஆனால் சுவரிலே வண்ணத்தில் இருந்தால் யார் நம்பமாட்டார்கள்? நாம் கூறுவது வேறு. கல்லூரியைக் கட்டியவர்களிலே பலர் அவர் எழுத்தைப் படித்து வளர்ந்தவர்கள். அவர் எழுத்துக்கு ஊற்றுக்கண்களிலே ஒன்று, ஆக்ஸ்போர்டிலே ஒரு சிறுவன் நெஞ்சு எரிய எரிய இட்ட கையொப்பம்.

பொறுப்பார்களா வைதீகர்கள்? கடவுளற்ற கல்லூரி என்று ஏசினார்கள். பிரபுக்கள் கூடி, மதகுருமார் கூடி, மன்னர் பெயரால் போட்டிக் கல்லூரி ஒன்று நிறுவினார்கள். அதுதான் 1829இல் அமைந்த கிங்ஸ் கல்லூரி. அங்கும் ஒரு வேடிக்கை. கத்தோலிக்கருக்கு நாடாளுமன்ற உரிமை தர முன்வந்த பிரதம மந்திரி வெல்லிங்டன், இந்தக் கல்லூரிக்கும் ஆதரவாளர். கல்லூரியைக் காட்டி ஏமாற்றுகிறார் என்று வின்சில்சி பிரபு தூற்ற, 1829 மார்ச்சு 21ஆம் நாள் இருவரும் கைத்துப்பாக்கியோடு பாட்டர்சீ வெளியிலே எதிரெதிரே நின்றார்கள்! பிரதமர் விலக்கிச் சுட்டார், பிரபு வானத்தைப் பார்த்துச் சுட்டார், மன்னிப்போடு முடிந்தது. அந்த நாளை அக்கல்லூரி இன்றும் நினைவுகூர்கிறது. இரு கல்லூரி மாணவரிடையே பகையும் விளையாட்டுமாக நூறாண்டுக்கு மேல் நடந்த சண்டைகளுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

1832 மே 30. பெந்தாம் தம் கடைசி உயிலை முடித்தார். என் உடலுக்குச் சடங்கு வேண்டாம். நண்பர் சவுத்வுட் ஸ்மித் என்ற மருத்துவர் அதை அறுத்து மாணவருக்குப் பாடம் நடத்தட்டும். பிறகு எலும்பைச் சேர்த்து என் உடையை அணிவித்து, நாற்காலியிலே உட்கார வைக்கட்டும். இதுதான் ஏற்பாடு. கிழட்டு வயதின் கோளாறு என்பாருண்டு. அல்ல! உடலை அறிவியலுக்குத் தரும் எண்ணத்தை 1769ஆம் ஆண்டு, இருபத்தோரு வயதிலேயே உயிலாக எழுதியவர் அவர்.

அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். மருத்துவ மாணவருக்கு அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்தது தூக்கிலிடப்பட்ட கொலைகாரன் உடல் மட்டும்தான். போதாததால் இடுகாட்டைத் தோண்டித் திருடும் கூட்டம் வளர்ந்தது. எடின்பரோவில் 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர், பிணம் விற்பதற்காகவே கொலை செய்தார்கள். உடல் அறுபடுவது கொலைகாரனுக்குரிய இழிவு என்று ஊரே நடுங்கிய காலத்திலே, என்னை அறுங்கள் என்றார் ஒரு பெரியவர்.

ஜூன் 6ஆம் நாள் இறந்தார். மறுநாள் நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் எதை வற்புறுத்தினாரோ அதன் முதற்படி. ஒரே நாள் தவறிவிட்டது! ஜூன் 9ஆம் நாள் வெப் தெரு உடற்கூறுப் பள்ளியிலே நண்பர்கள் சூழ, ஸ்மித் விரிவுரையைத் தொடங்கினார். வெளியே இடி, மின்னல், கட்டடம் அதிர்ந்தது. பேச்சாளர் முகம் வெளுத்தது, குரல் நிற்கவில்லை. வைதீகர் அந்த இடியை என்னென்ன பாடியிருப்பார்களோ! மழைக்காலமானால் இடி இடிக்கும். அவ்வாண்டே உடற்கூறுச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம் யார் உடலை மருத்துவரிடம் கொடுத்தது? கேட்பாரற்று இறந்த ஏழை விடுதி மக்களின் உடலை. பெந்தாம் தம் உடலைத் தாமே தந்தார். ஏழையிடம் யாரும் கேட்கவில்லை. இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தலையை மட்டும் பதப்படுத்திப் பொருத்த எண்ணினார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கையாண்ட முறையை ஒட்டி உலர்த்தினார்கள். தோல் கறுத்துச் சுருங்கி, முகம் முகமாகவே இல்லை. எனவே மெழுகுத் தலை. பெந்தாமோ, சாவதற்கு முன் எழுதிய சிறு நூலிலே, பெருமக்கள் எல்லாரும் தம் உடலையே தம் சிலையாக்கிக் கொள்ளலாம், மெருகு பூசித் தோட்டத்து மரங்களுக்கிடையே வரிசையாக நிறுத்தலாம், சிற்பிக்குக் கூலி மிச்சம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். கேலியா, மெய்யா? பாதிக்குப் பாதி என்றே நமக்குத் தோன்றுகிறது.

1850இல் உருவம் கல்லூரிக்கு வந்தது. கதைகளும் வந்து ஒட்டிக்கொண்டன. உண்மை எது? 1975ஆம் ஆண்டு அக்டோபரில் கிங்ஸ் கல்லூரி மாணவர்கள் பழைய தலையைத் தூக்கிச் சென்றது உண்மை. வீடற்றோருக்கு உதவும் சங்கத்துக்கு 100 பவுன் நன்கொடை கேட்டார்கள். 10 பவுனோடு பேரம் முடிந்து தலை திரும்பியது. பந்தாக உதைத்தது பொய். ஆட்சிக்குழுவில் அவர் அமர்ந்ததாகச் சொல்வதும் நெடுங்காலம் பொய்தான். ஆனால் 2013ஆம் ஆண்டு, ஓய்வுபெறும் தலைவரின் கடைசிக் கூட்டத்துக்கு வேடிக்கையாக அவரை மெய்யாகவே தூக்கிப் போய் வைத்தார்கள். பொய் ஒருநாள் மெய்யாயிற்று! 2018இல் கண்காட்சிக்காக நியூயார்க்கும் போய்வந்தார். இப்போதிருக்கும் கண்ணாடிப் பேழைக்கு 2020இல் குடிபெயர்ந்தார்.

அந்தப் பேய்க் கதை இருக்கிறதே, அதுதான் நம் நெஞ்சைத் தொடுவது. இருட்டைக் கண்டு நடுங்கிய சிறுவனையே, நடுநிசியிலே தடி தட்டும் பேயாக்கிவிட்டார்களே மாணவர்கள்! சடங்கு வேண்டாம் என்றவரைச் சுற்றிச் சடங்கு வளர்கிறது. கணக்குப் பார்த்து நம்பு என்றவரைப் பற்றிக் கணக்கில்லாத புளுகு. மாலை போட்டு மறந்துவிடும் வித்தை நமக்கு மட்டுமே தெரிந்தது என்று எண்ணியிருந்தோம்.

கோவர் தெருவின் கதவு நம் நாட்டையும் தொட்டது. கிங்ஸ் கல்லூரி மாணவரையும் கோவர் தெரு மாணவரையும் சேர்த்துத் தேர்வு நடத்திப் பட்டம் தர 1836இல் லண்டன் பல்கலைக்கழகம் அமைந்தது. சமயக் கேள்வி அதிலும் இல்லை. அந்த மாதிரியை வைத்துத்தான் 1857ஆம் ஆண்டு சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களை அமைத்தார்கள். சேப்பாக்கத்துப் பட்டத்துக்கு எந்தச் சமய விதியிலும் எவரும் கையொப்பமிட நேரவில்லை. (சாதிக் கதவு வேறு கதை, அதைத் திறக்க இங்கே வேறு கைகள் வேண்டியிருந்தன.) 1878இல் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டத்தின் கதவைத் திறந்தது. ஈழத் தமிழர் முத்துக்குமாரசாமியின் மைந்தர் ஆனந்த குமாரசாமி, நடனத்தையும் சிற்பத்தையும் உலகறியச் செய்யுமுன், கோவர் தெருவிலே மண்ணியல் படித்து 1900இல் பட்டம் பெற்றவர்.

ஆயினும் கண்ணாடிப் பேழையருகே யாரேனும் கதை சொல்வதானால், சில்வெஸ்டரின் கதையைச் சொல்லலாம்.

ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் யூதச் சிறுவன். கல்லூரி திறந்த 1828ஆம் ஆண்டே, பதினான்கு வயதிலே சேர்ந்தான். துடுக்குப் பிள்ளை, உணவுக் கூடத்துச் சச்சரவிலே கத்தியை எடுத்ததால் வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள். பிறகு கேம்பிரிட்ஜ் சென்றான். 1837இல் கணிதத் தேர்விலே இரண்டாமவனாகத் தேறினான். பட்டம் வேண்டுமா, கையொப்பமிடு என்று முப்பத்தொன்பது விதிகளை நீட்டினார்கள். அவன் இடவில்லை. பட்டமும் தரவில்லை. பட்டமில்லாத அந்த இளைஞனை மறு ஆண்டே பேராசிரியராக அமர்த்திக்கொண்டது கோவர் தெரு.

1871இல் சட்டம் செய்து சமயத் தடையை நீக்கினார்கள். 1872இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. அப்போது அவருக்கு வயது 57. 1883இல் கணிதப் பேராசிரியர் நாற்காலிக்கு ஆக்ஸ்போர்டு அவரை அழைத்தது. போய் அமர்ந்தார்.